ரெண்டாவது கோட்டு காயற வரைக்கும்

தொடக்கூடாது. தொட்டா விரல் ரேகை அப்படியே பதிஞ்சுக்கும், அப்பறம் அதைச் சொரண்டி மறுபடி மொதல்ல இருந்து. தெரியுது. தெரிஞ்சும் கை போகுது பாரு, கருமம். ரேணுகா, கையை மடியில வெச்சுட்டுச் சும்மா உக்காரு. மொதக் கோட்டு பெயிண்ட் அடிச்சாச்சு. சிவப்பு திட்டுத் திட்டாத்தான் விழுந்திருக்குது, ரெண்டாவது கோட்டுல சரியாப் போயிரும்னு வீடியோவுல ஒருத்தன் சொன்னான். அவனுக்கென்ன, அவன் ஊட்ல அவன் பொண்டாட்டி சோறாக்கி வெச்சிருப்பா. நான் போர்ட்டிகோவுல பழைய பெட்சீட்டை விரிச்சு உக்காந்துட்டு, முன்பக்கத்து எடதுச் சக்கரம் இல்லாம ஸ்டாண்டு மேல நிக்கற காரையே பாத்துட்டு இருக்கறேன். ஞாயித்துக்கெழமை. பக்கத்து ஊட்ல கறி வேகற வாசம் வருது, இங்க பெயிண்ட் வாசம், ரெண்டும் சேந்து மூக்குல ஏறுது. சக்கரத்தைக் கழட்டுனா உள்ளே ஒரு இரும்புத் தட்டு இருக்குது, அது டிஸ்க்கு. பிரேக்கை மிதிச்சா அந்தத் தட்டை ரெண்டு பக்கமும் கவ்வி நிறுத்தற கட்டை இருக்குதே, அதுதான் காலிப்பரு. அதுக்குத்தான் இந்தச் சிவப்பு. சக்கரத்துக்குள்ள, சந்துக்குள்ள, எவன் கண்ணுக்கும் படாத எடத்துல. "யாருங்க அங்க குனிஞ்சு பாக்கப் போறாங்க?"ன்னு கேட்டேன், என்ற ஊட்டுக்காரரு பெயிண்ட் டப்பா வாங்கியாந்த அன்னிக்கு. "நான் பாப்பேன்"னாரு. அம்புட்டுதான் பதிலு. அது மார்கழிக் கடைசி. பொங்கல் கழியட்டும், ஒரு ஞாயித்துக்கெழமை உக்காந்து அடிச்சரலாம்னு டப்பாவைச் செருப்பு ஸ்டேண்டுக்கு அடியில வெச்சாரு. பொங்கல் கழிஞ்சுது. பாத்ரூம்ல விழுந்துட்டாரு, பக்கவாதம்னாங்க.

இப்ப அந்த மனுசன் எனக்குக் கை எட்டற தூரத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கறாரு. விழுந்திராம இருக்கறதுக்கு வலது பக்கம் ஒரு தலகாணி முட்டுக் குடுத்திருக்கறேன். வலது கை மடியில கெடக்குது, நான் எப்படி வெச்சனோ அப்படியே. எடது கை சேரோட கையைப் புடிச்சிருக்குது. தேவசிகாமணின்னு முழுப் பேரு, கடை வீதியில கேட்டா பம்புக்கடை தேவண்ணன்னாத்தான் தெரியும். பம்பு வாங்க வந்தவன்கிட்ட மோட்டார், குழாயி, ஒயரு, அப்பறம் அவன் மச்சானுக்கும் சேத்து இன்னொரு மோட்டாரு, எல்லாத்தையும் வாயாலயே வித்துப்போடற ஆளு. அந்த வாயி இப்ப ஒரு பக்கமா இழுத்துட்டு, ஓரத்துல எச்சில் வடியுது. எந்திரிச்சுத் தொடைச்சு உட்டேன். தொடைக்கட்டுங்களான்னு கேட்டேன், ஆமான்னு தலையாட்டுனாரு. கேக்காமயே தொடைச்சிருக்கலாம். எதைக் கேட்டாலும் ஆமாதான். காப்பி வேணுங்களா, ஆமா. சூடு சரியா இருக்குதுங்களா, ஆமா. ஆறிப் போச்சுங்களா, அதுக்கும் ஆமா. ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல எனக்கு அது தெரியலை. ஆகா, எல்லாம் வெளங்குது இவருக்குன்னு, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒரு நாள் சாயங்காலம் சும்மா வெளையாட்டுக்கு, "உங்க பேரு குப்புசாமிங்களா?"ன்னேன். ஆமான்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துது. "நான் செத்துப் போயிட்டன்னா வேற கல்யாணம் கட்டிக்குவீங்களா?" அதுக்கும் அதே ஆமா, அதே மூஞ்சியோட. அதுக்கப்பறம் சிரிப்பு வரலை. அடுப்படிக்குப் போயி கொழாயைத் தொறந்து உட்டுட்டு அழுதேன்.

காஞ்சிருக்குமா? இன்னும் பளபளங்குது. பளபளப்பு மங்கணும், அப்பத்தான் அடுத்த கோட்டு. வெள்ளிக்கெழமை ஆஸ்பத்திரியில டாக்டரும் இவருகிட்ட என்னாட்டத்தான் கேட்டாரு. நல்ல மனுசன்தான், குறை சொல்லக்கூடாது. சேரை இழுத்துப் போட்டு, அவருக்கு நேரா உக்காந்து, கையைப் புடிச்சுட்டு, "சார், கழுத்துல ரத்தக்குழாய் அடைச்சிருக்குது. அதைத் தொறந்து சுத்தம் பண்ணலாம். பண்ணலைன்னா மறுபடியும் வரலாம். பண்றப்பவும் ஏதாச்சும் ஆகலாம். உங்களுக்குச் சம்மதமா?"ன்னாரு. ஆமா. உடனே ஆமா. நிரஞ்சனா, எங்க பொண்ணு, பக்கத்துல நின்னுட்டிருந்தவ, அப்பான்னு அவரு தோள்ல மூஞ்சியை வெச்சுட்டு அழுகறா. டாக்டரு சிரிச்சுட்டு, திங்கக்கெழமை வந்து சேந்துருங்கன்னாரு. நான் ஒருத்திதான் அங்க கல்லாட்ட நின்னேன். குப்புசாமின்னாலும் ஆமாங்கறவரு கழுத்தை அறுக்கட்டுமான்னாலும் ஆமாங்கறாரு, இதைப் போயிச் சம்மதம்ங்கறீங்களேன்னு எப்படிச் சொல்றது அங்க? ராத்திரி நிரஞ்சனா அவ ஊருக்குப் போனதுக்கப்பறம் போன்ல சொன்னேன். அவ எல்லாத்தையும் கேட்டா. அப்பறம் சொன்னா, "அம்மா, அப்பா வேண்டாம்னா வேண்டாம். அவரு நெசமா ஒத்துக்கிட்டாத்தான் பண்ணோணும். உனக்குத்தான் அவரைத் தெரியும். நீ கேட்டு ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்குள்ள சொல்லு, நான் டாக்டருக்குச் சொல்லிக்கறேன்." உனக்குத்தான் தெரியும். சுலுவாச் சொல்லிப்போட்டா. எனக்கு என்ன தெரியும்? அவரு ஆமான்னு சொல்றது மட்டும் தெரியும். இல்லைன்னு சொன்னா எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு. மத்தியானத்துக்குள்ள. பக்கத்து ஊட்டுக் குக்கர் விசிலு அடிச்சு ஓஞ்சிருச்சு. மத்தியானம் வந்துட்டே இருக்குது.

அதனாலதான் இந்தக் கூத்து. காலையில அவருக்குப் பல்லு வெளக்கி உடறப்பத் தோணுச்சு, இந்த மனுசனுக்கு எதைத் தப்பாச் செஞ்சா பொறுக்காதோ அதைச் செய்யட்டுங்களான்னு கேட்டுப் பாக்கலாம், அப்பவாச்சும் இல்லைங்கறாரான்னு. ரசத்துல உப்பு எச்சாப் போட்டாலும் பேசாமத் திங்கற ஆளுதான் அப்பவே. ஆனா கார்ல எவனாச்சும் கதவை ஓங்கிச் சாத்துனா போதும், பெத்த மகளா இருந்தாலும், "அது என்ன, மாட்டுக் கொட்டாய்க் கதவா?"ம்பாரு. செருப்பு ஸ்டேண்டுக்கு அடியில இருந்து டப்பாவை எடுத்துக் காட்டுனேன். "காலிப்பருக்கு அடிக்கட்டுங்களா?" ஆமா. முக்குப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்புட்டேன். அவரு ஜாக்கி வெச்சுத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டி, அடியில ஸ்டாண்டு குடுத்துட்டு, "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க அக்கா?"ன்னு என்னையும் சேர்ல இருக்கறவரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, சாயங்காலம் வந்து மாட்டித் தர்றேன்னு போயிட்டாரு. அவரு போனதும் ஆரம்பிச்சேன். "மஞ்சள்ல அடிக்கலாமுங்களா?" ஆமா. "பச்சைங்க?" ஆமா. "துருவைத் தேய்க்காம அழுக்கு மேலயே அடிக்கட்டுங்களா?" ஆமா. அட சாமி, அழுக்கு மேல பெயிண்ட் அடிச்சா உரிஞ்சுக்கும்னு வாசல் கேட்டுக்கு அடிக்கறப்ப அந்தப் பெயிண்டரைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குன மனுசன் இவரு! கடைசியில நானே கம்பிப் பிரஷை எடுத்துத் தேய்ச்சேன், கருப்புப் பொடி கொட்டுச்சு, தும்மலாத் தும்முனேன். துடைச்சு, டிஸ்க்குக்கும் ரப்பர் குழாய்க்கும் பேப்பரைச் சுத்தி டேப் ஒட்டி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்து, மொதக் கோட்டை அடிச்சு முடிச்சேன். முடிச்சதும் "காரையே வித்துப்போடலாமுங்களா?"ன்னு கத்தித்தான் கேட்டேன். கொழந்தையாட்ட என்னைப் பாத்துத் தலையை ஆட்டறாரு. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. அவரு மேல இல்லை. யாரு மேலன்னு தெரியலை.

பளபளப்பு மங்கிருச்சு. சரி, ரெண்டாவது கோட்டு. பிரஷை நல்லா வழிச்சு எடுக்கோணும், இல்லாட்டி சொட்டும். மேல இருந்து கீழ. இந்தக் கட்டைக்கு எத்தனை மூலை முடுக்கு. அவருக்குப் பண்ணலாமா வேண்டாமா. பண்ணலைன்னா மறுபடியும் வரும், அடுத்த தடவை இந்தத் தலையாட்டறதும் இருக்காது, ஆளே இருக்காது. எனக்கு ஆளு வேணும். சேர்ல உக்காந்து எச்சில் வடிச்சுட்டு இருந்தாலும் வேணும். ராத்திரி திரும்பிப் படுத்தா மூச்சு விடற சத்தம் பக்கத்துல கேக்கோணும், எனக்கு அது போதும். போதுமா? எனக்குப் போதும், அவருக்கு? அவரோட கூட்டாளி ஒருத்தரு, பைப்புக்கடை வெச்சிருந்தவரு, இப்படித்தான் விழுந்து ஒரு வருசத்துக்கு மேல ஆஸ்பத்திரியும் ஊடுமாக் கெடந்தாரு. பாத்துட்டு வர்றப்ப இதே கார்ல, இவரு வண்டியை ஓட்டிட்டு, ரோட்டைப் பாத்துட்டே சொன்னாரு, "எனக்கு இப்படி வந்தா குழாயைச் சொருகி அங்கயும் இங்கயும் இழுத்துட்டுப் போகாதே. ஊட்லயே உட்டுரு." நான், "நல்ல வாயி வெச்சீங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க"ன்னேன். அதைச் சம்மதம்னு எடுத்துக்கறதா? நல்லா இருக்கறப்ப ஆயிரம் சொல்லுவாங்க. நல்லா இருக்கறப்ப நான் கூடத்தான் சொன்னேன், இவரு போயிட்டா மறுநாளே நானும் போயிருவேன்னு. பொழைச்சுக் கெடக்கறவங்களுக்கு ஆசை மாறும்ல. மாறியிருக்கலாம். மாறியிருக்குதா இல்லையான்னு யாரைப் போயிக் கேக்கறது? கேட்டா ஆமாம்பாரு. பிரஷை வழிக்காம வெச்சுட்டேன் போல, அந்தா, சொட்டிருச்சு. பேப்பர் ஓரம் தூக்கிட்டு இருந்திருக்குது, நான் கவனிக்கலை, அந்தச் சந்துல நேராப் போயி டிஸ்க்கு மேலயே விழுந்துருச்சு. நல்லாப் பெரிய சொட்டு. சனியனே, உனக்கு விழுகறதுக்கு வேற எடமே கெடைக்கலையா.

காயறதுக்குள்ள தொடைக்கோணும். பக்கத்துல கிண்ணத்துல தேங்காய் எண்ணெய் வெச்சிருந்தேன், கையில ஒட்டுன பெயிண்டைத் தொடைக்கறதுக்கு. எங்கூட்ல எந்தப் பெயிண்ட் ஒட்டுனாலும் தேங்காய் எண்ணெய்தான், கேட்டுக்கு அடிச்சப்பவும் அதுதான், பொண்ணு பள்ளிக்கூடத்துப் படத்துக்கு அடிச்சப்பவும் அதுதான். துணியை எண்ணெயில நல்லா முக்கி எடுத்து, பேப்பரைக் கிழிச்சுத் தள்ளிட்டு, டிஸ்க்குகிட்டக் கொண்டு போனேன். மணிக்கட்டை யாரோ புடிச்சாங்க. புடிச்சாங்கன்னா சும்மா இல்லை, வளையலு கையில பதியறாப்பல. பாத்தா அவரு. சேர்ல இருந்து பாதி ஒடம்பு முன்னால வந்து, தலகாணி கீழ விழுந்து, எடது கையால என்ற கையைப் புடிச்சு இழுக்கறாரு. தொண்டையில இருந்து ஒரு சத்தம். வார்த்தை இல்லை, ஆனா அதட்டற சத்தம். மூஞ்சியில நல்லா இருந்த பாதி சிவந்து போச்சு. ஒரு நிமிசம் எனக்கு வெளங்கவே இல்லை, மறுபடியும் வாதம் வந்துருச்சோன்னு நெனைச்சேன். அப்பறம் அவரு கண்ணு போற எடத்தைப் பாத்தேன். துணி. எண்ணெய் ஊறின துணி. டிஸ்க்குல எண்ணெய் பட்டா பிரேக் புடிக்குமா, அறிவு கெட்டவளே! வழுக்கிட்டுப் போகுமே! அதைத்தான் சொல்றாரு. என்னைத் திட்டறாரு! தை மாசத்துக்கு அப்பறம் மொத மொதல்ல என்ற ஊட்டுக்காரரு என்னைத் திட்டறாரு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து, "இல்லீங்க, வெக்கலை, வெக்கலை, பாருங்க, கீழ போட்டுட்டேன்"னு துணியைத் தூக்கி வாசப்பக்கம் எறிஞ்சேன். கையை உட்டாரு. மூச்சு வாங்குச்சு அவருக்கு. எனக்கும்.

தற்செயலா இருக்குமோ? ஓடிப் போயி அந்தத் துணியவே எடுத்தாந்தேன். காரு கதவுக்கிட்டக் கொண்டு போனேன், சும்மா பாத்துட்டு இருந்தாரு. கழட்டி வெச்ச டயரு கிட்ட, சும்மா இருந்தாரு. டிஸ்க்குக்கிட்டக் கொண்டு போறேன், கை வருது, அப்படியே எட்டிப் புடிக்குது. "தண்ணி வேணுங்களா?"ன்னேன், ஆமான்னாரு. குடுத்தேன், குடிக்கலை. அப்ப இதுதான் வெசயம். கேட்டா ஆமாம்பாரு, செஞ்சா தடுப்பாரு. வாயிக்கும் தலைக்கும் இருந்த பாதைதான் போச்சு, கையில இருக்குது புத்தி, நல்லா இருக்குது. எம்புட்டு நாளா இவரு உள்ளுக்குள்ள உக்காந்துட்டு, நான் குப்புசாமின்னு கூப்புட்டதையும், வேற கல்யாணம் கட்டிக்குவீங்களான்னு கேட்டதையும் கேட்டுட்டு இருந்தாரோ. டப்பாவோட அவரு வாங்கி வெச்சிருந்த, பெயிண்டைக் கரைக்கற தின்னரைத் தொட்டு அந்தச் சொட்டைச் சுத்தமாத் தொடைச்சேன், அவரு பாத்துட்டே இருந்தாரு, நான் முடிச்சதும் சாய்ஞ்சு உக்காந்தாரு. அப்படின்னா இப்பக் கேக்கலாம். கேக்கறதில்லை, செஞ்சு காட்டோணும். கேக்காமயே இருந்தா என்ன? ரெண்டாவது கோட்டு காயட்டும், சோறு ஊட்டலாம், படுக்க வெக்கலாம், மத்தியானம் தானாப் போயிரும். நிரஞ்சனா கேட்டா தெரியலைன்னு சொல்லலாம். தெரியலைன்னா அவ பண்ண வேண்டாம்பா. பண்ண வேண்டாம்னா மறுபடியும் வரும். எந்தப் பக்கம் போனாலும் அவரை நான்தான் கொல்றாப்பல இருக்குது. எனக்கு எதுக்கு இந்தப் பொழைப்பு? வேற யாராச்சும் வந்து, நீ தள்ளு நான் பாத்துக்கறேன்னு சொல்ல மாட்டாங்களா? தெருவுல ஒரு ஈ காக்கா இல்லை.

உள்ளே போயி பையை எடுத்தாந்தேன். காலையிலயே கட்டி வெச்சது, லுங்கி, துண்டு, பிளாஸ்க்கு, ஸ்கேன் படத்தைப் போட்ட பெரிய கவரு. அந்தக் கவரு மேல ஆஸ்பத்திரிப் பேரு பெருசா எழுதியிருக்குது, அவருக்குத் தெரியறாப்பல வெளியில நீட்டிட்டு இருந்துது. பின் கதவைத் தொறந்தேன். "நாளைக்குக் கழுத்து ஆபரேசனுக்குச் சேரோணுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பையை வெக்கறேன்"ன்னு சொல்லிட்டு, மெதுவா, அவருக்கு நல்லாத் தெரியோணும்னு மெதுவா, அவரு முன்னாடியே பையைக் கொண்டு போனேன். சும்மா இருங்க. துணியைக் கார்க் கதவுக்கிட்டக் கொண்டு போனப்ப இருந்தாப்பலயே இருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். கை வந்துது. பையோட புடியைப் புடிச்சுது. நான் இழுத்தேன், உடலை. "ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேனுங்க"ன்னு வாசப்படிப் பக்கம் திருப்புனேன், விரலு தளந்துது. திரும்பக் கார் பக்கம் கொண்டாந்தேன், புடிச்சுட்டாரு. சத்தம் போடலை, அதட்டலை. என்னையே பாத்துட்டு, புடியை மட்டும் புடிச்சுட்டு இருந்தாரு. அவரு கண்ணுல தண்ணி இல்லை. எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை, எல்லாம் கலங்கிப் போச்சு.

போன் அடிச்சுது. ஒரு கையில பை, இன்னொரு கையில எடுத்தேன். "அம்மா, டாக்டரு கேட்டுட்டே இருக்காரும்மா. அப்பாகிட்டக் கேட்டியா?" "கேட்டேன் கண்ணு." "என்னம்மா சொன்னாரு?" பக்கத்து ஊட்ல யாரோ சாப்புட வாங்கன்னு கூப்புடறாங்க. "சரின்னு தலையாட்டுனாரு." "எப்பவும் ஆட்டறாப்பலயா? இல்ல நெசமாப் புரிஞ்சாம்மா? சத்தியமாச் சொல்லு." "புரிஞ்சுதான் ஆட்டுனாரு. நான் ரெண்டு மூணு தடவை கேட்டேன், ஒவ்வொருக்காவும் அப்படித்தான். நீ டாக்டருக்குச் சொல்லீரு சாமி." அவ அழுதா, அப்பறம் சிரிச்சா, சாயங்காலம் பஸ் ஏர்றேன்னா, அப்பாவுக்கு ஒரு முத்தம் குடுத்துரும்மான்னா. சரின்னு போனை வெச்சேன். பையோட புடி இன்னும் அவரு கையிலயும் இருந்துது, என்ற கையிலயும் இருந்துது. நான் நிமிந்து பாக்கலை. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்.